இடது பக்கம் என் பொறுப்பு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. பாதி வெந்த முட்டையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பத்து நிமிடம் சண்டை போட்டோம். "நீ சொல்ல வேண்டாமா?" என்கிறார். சிலிண்டர் அவர் வேலை. வீட்டில் முப்பது வருஷமாக நடக்கிற சண்டைதான், இப்போது ஒரு வேனுக்குள் நடக்கிறது. கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகலாம் என்றால் அடுத்த அறை இல்லை.

கிளம்பி இன்றைக்கு ஆறாம் நாள், மூன்றாவது ஊர். தென்கரையோரமாக மேற்கே போய்க்கொண்டே இருக்கிறோம். ஊருக்கு ஊர் கூட்டம், பாட்டு, ஸ்கூட்டர், கலர் கலராகக் குடை. பழைய டெலிவரி வேனை வாங்கி இரண்டு வருஷம் தட்டித் தட்டி இதற்குள் கட்டில், அடுப்பு, தொட்டி எல்லாம் வைத்தவர் இவர். திரைச்சீலை மட்டும் நான் தைத்தது. இந்தப் பயணம் நான் பதினோரு வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கியது.

இவர் முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் டிரைவர். அதில் பத்தொன்பது வருஷம் நான் அதே பஸ்ஸில் கண்டக்டர். கதவு இருப்பது இடது பக்கம். ஏறுகிறவர், இறங்குகிறவர், ஓடி வந்து தொற்றுகிறவர் எல்லாம் என் பொறுப்பு. முன்னாலும் வலதும் அவருடையது. நான் இரண்டு விசில் கொடுத்தால் இடது பக்கம் திரும்பியே பார்க்காமல் வண்டியை எடுப்பார். "ரோடு எனக்கு, வாசல் உனக்கு" என்பார். இந்த வேனிலும் அப்படியேதான். ஒரு விசில் நிறுத்து, இரண்டு விசில் கிளம்பு. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எங்களுக்கு அதுதான் பேச்சு.

எழுத வந்தது இதையல்ல. காலையில் இடது பக்கக் கண்ணாடி மடங்கியே இருந்தது. இருபது நிமிடம் அப்படியே ஓட்டினார். சிக்னலில் நான்தான் கையை நீட்டி விரித்துவிட்டேன். அவருக்கு அது மடங்கியதும் தெரியவில்லை, விரிந்ததும் தெரியவில்லை.

பழக்கதோஷம். அவ்வளவுதான்.

மார்ச் 4, புதன்

இடது பக்கம் வைத்த டீ டம்ளரைத் தட்டிவிட்டார். இது இரண்டாவது முறை. டம்ளரைத் திட்டுகிறார்.

மார்ச் 6, வெள்ளி

சிரிக்கவா அழவா தெரியவில்லை. கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் வாசலில் நீச்சல் டியூப்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். எங்கள் கண்ணாடி அந்தக் கயிற்றை அப்படியே மாட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஏழு டியூப். வாத்து, முதலை எல்லாம் வண்டியோடு ஊர்வலம் வருகின்றன, கடைக்காரர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வருகிறார். நான் ஒரு விசில் ஊதின பிறகுதான் நிறுத்தினார்.

"ரோட்டுலயே கடையைப் போட்டு வச்சா?" என்றார் இவர். கடைக்காரர், "ஐயா, நாப்பது வருஷமா அங்கதாங்க கடை" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் தான் உறைத்தது. டியூப் தொங்கின இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால்?

மத்தியானம் மகள் போன் செய்தாள். "அப்பா எப்படிம்மா ஓட்டுறாரு?"

"அவருக்கென்ன, ராஜா மாதிரி ஓட்டுறாரு."

வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். யாரை ஏமாற்றுகிறேன்? ஜனவரியில் ஒரு நாள் தலை வலிக்கிறது என்று நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தார். அதற்குப் பிறகுதான் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போகலாம் என்று வாயைத் திறந்தால் பயணம் நின்றுவிடும் என்று மென்று விழுங்கிவிட்டேன். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 7, சனி

இன்று வண்டியை எடுக்கவில்லை. எனக்கு ஏன் இவ்வளவு நிம்மதி?

மார்ச் 9, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் படுக்க முடியாது.

ஐந்தாவது ஊர். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் நாலு மணிக்கே பாட்டும் கூத்துமாக இருக்கிறது. ஒரு வாத்தியக் கோஷ்டி நடைபாதையை ஒட்டி, அங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்து வாசிக்கிறது. பாடுகிற அம்மா நல்ல பருமன், ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். அவர்களுக்குச் சற்றுப் பின்னால் வண்டியை நிறுத்தினார், நான் இறங்கி ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். பின்னால் ஒருவன் ஹார்ன் மேல் ஹார்ன் அடிக்கிறான். அவசரமாக ஏறினேன், கதவைச் சாத்தினேன், இரண்டு விசில் ஊதினேன்.

பார்க்காமல் ஊதினேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் நான் வெளியே பார்க்காமல் ஊதியதில்லை. இன்று கதவு சாத்தின சத்தத்தோடு கை தானாகப் போய்விட்டது.

அவர் எடுத்துவிட்டார். சடசடவென்று ஒரு சத்தம். அந்த ஸ்டூல் எங்கள் இடது சக்கரத்துக்கு அடியில் நாலு துண்டு. அந்த அம்மா பாட்டின் உச்சத்தில் கையை உயர்த்திக்கொண்டு எழுந்து கூட்டத்தை நோக்கி ஓரடி முன்னால் போயிருக்கிறார். அந்த ஓரடிதான். கூட்டத்தில் பாதிப் பேர் இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

"கண்ணை எங்கய்யா வச்சுட்டு ஓட்டுற? பாடையில ஏத்திருப்பியே என்னை!" என்று அந்த அம்மா போட்ட சத்தம் மைக்கில் ஊர் முழுக்கக் கேட்டது. எங்கள் மடக்கு நாற்காலியைக் கொடுத்துக் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். இவர் இறங்கி வந்து உடைந்த கட்டைகளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது எங்கடி இருந்துச்சு?" என்றார் மெதுவாக.

கண்ணுக்கு நேரே, வண்டி நின்றிருந்த நேரமெல்லாம், இரண்டு முழம் தள்ளி இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

ஒரு கேவலமான வேலை செய்தேன். செய்யாமல் இருக்கவும் முடியவில்லை.

துறைமுகத்தை ஒட்டி ஒரு நீளமான மதில். சாலைக்கு இடது பக்கம் முழுக்க அந்த மதில்தான், அதில் சோப்பு விளம்பரம். கடல் ஒரு சொட்டுத் தெரியாது. வண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. நான் சொன்னேன், "ஐயோ, அங்க பாருங்களேன், எவ்வளவு பெரிய கப்பல்! வெள்ளை வெளேர்னு!"

"ஆமா, பெருசுதான்" என்றார். தலை திரும்பவே இல்லை.

தெய்வமே.

பதின்மூன்று நாளாகக் கடல் எங்களுக்கு இடது பக்கம். பதின்மூன்று நாளாக நான் பாருங்க பாருங்க என்கிறேன், அவர் ஆமா ஆமா என்கிறார். இந்த மனுஷர் ஓட்டும்போது கடலைப் பார்க்கவே இல்லை. நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார். அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஊராரின் உயிரோடு விளையாடிக்கொண்டிருக்கிறோம்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை. சொன்னால் அவர் என்ன ஆவார்? வண்டி ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்?

மார்ச் 11, புதன்

சொல்லிவிட்டேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"நேத்து அங்க கப்பலே இல்லைங்க."

கத்தி நின்றது. நான் பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரி கழுவிக்கொண்டே நின்றேன், கழுவ ஒன்றும் இல்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ஜனவரில தலை வலிச்சுதே. அப்போலேர்ந்து."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா சாவியை வாங்கி வச்சுப்பீங்க, நீயும் உம் பொண்ணும்." பிறகு, என்னைப் பார்க்காமல், "நீதான் பக்கத்துல இருக்கியேன்னு நினைச்சேன். அந்தப் பக்கம் என்னிக்கு நான் பார்த்திருக்கேன்? எப்பவும் உன்னை நம்பித்தானே எடுத்தேன்?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "நான் என்ன வண்டில மாட்டின கண்ணாடியா? உங்க பொண்டாட்டிங்க! அந்தம்மா எந்திரிக்காம உக்காந்திருந்தா இந்நேரம் என்ன ஆகியிருக்கும்?"

"நீ விசில் ஊதினே" என்றார்.

ஆமா. நான் ஊதினேன். அதற்கப்புறம்தான் நானும் சொன்னேன், ஜனவரியிலிருந்தே கவனித்தேன், பயணம் நின்றுவிடுமே என்று பொத்திப் பொத்தி வைத்தேன் என்று. அவர் திட்டியிருந்தால் தேவலை. "அப்படியா" என்று மட்டும் சொன்னார்.

சாவியை எடுத்து என் பர்ஸில் போட்டுக்கொண்டேன். "வச்சிட்டுப் போ" என்றார். மாட்டேன் என்றேன். "அப்ப வண்டியை யார் ஓட்டுவா? மாப்பிள்ளை பறந்து வருவாரா?"

"நான் ஓட்டுறேன்."

சிரித்தார். லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது எனக்கு. மாப்பிள்ளை தன் வேனைக் கொடுத்து ஓட்டப் பழக்கினார். இவர் இருக்கும்போது ஒரு நாள்கூட ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. அந்தச் சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை. பிறகு டாக்சி பிடித்து ஒரு கண் டாக்டரிடம் நாளைக்கு நேரம் வாங்கி வந்தேன்.

மார்ச் 12, வியாழன்

கண் டாக்டர் சின்னப் பெண். எதிரில் உட்கார்ந்து விரலை ஆட்டி ஆட்டிக் காட்டினார். வலது பக்கம் ஆட்டினால் இவர் "தெரியுது" என்கிறார். இடது பக்கம் ஆட்டும்போது இவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், அடுத்து எப்போது ஆட்டப் போகிறார் என்று காத்துக்கொண்டு. அதைப் பார்க்க முடியாமல் நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"கண்ணுல ஒண்ணும் இல்லைங்க, மூளைக்குப் போற ரத்தம் ஒரு இடத்துல அடைச்சிருக்கணும். அன்னைக்கு வந்த தலைவலி அதுதான்னு நினைக்கிறேன். ரெண்டு கண்ணுலயும் இடது பாதி பார்வை போயிருக்கு" என்றார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கேன் எடுத்து அவர்களும் அதையே சொன்னார்கள். மூன்று நாள் அங்கேயே படுக்கச் சொல்லிவிட்டார்கள்.

"திரும்பி வருமா?" என்று நான் கேட்டேன். இத்தனை நாள் ஆன பிறகு கஷ்டம் என்றார்கள். "ஓட்டலாமா?" என்று இவர் கேட்டார். பெரிய டாக்டர் கூடாது என்று வெறுமனே தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் மட்டும் இவருக்கு நன்றாகத் தெரிந்தது.

மார்ச் 13, வெள்ளி

பேசவில்லை. சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

மார்ச் 14, சனி

மகள் போனில் அழுகிறாள். "வேனை அங்கேயே விட்டுட்டு ரயில் ஏறுங்கம்மா" என்கிறாள். சரி என்று சொல்லிவிட்டு வந்து இவரிடம் சொன்னேன். இரண்டு நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்: "ரெண்டு வருஷம் இழைச்ச வண்டி. யார்கிட்ட விடுறது?"

பேசிவிட்டார். அது போதும்.

மார்ச் 16, திங்கள்

ஓட்டினேன்!

பெரிய டாக்டரிடம் கேட்டேன். மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு, மெதுவாக, பயணியாகப் போகலாம் என்றார். ஊர் திரும்புகிறோம். முதல் சிக்னலில் வண்டி இரண்டு முறை அணைந்தது. ரவுண்டானாவில் வெளியே வரும் வழி தெரியாமல் மூன்று சுற்று சுற்றினேன். இவர் இடது சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதி மிதி என்று மிதிக்கிறார், தரை ஓட்டையாகிவிடும் போல. "கியர்... கியரு!" என்று இரண்டு முறை கத்தினார். "டிரைவர் சார், பயணிகள் ஓட்டுநரோட பேசக் கூடாது" என்றேன். பஸ்ஸில் எழுதிப் போட்டிருப்பது. சிரிப்பு வந்தது அவருக்கு. அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நிறுத்தத் தோன்றியது, நிறுத்த இடம் இல்லை.

திரும்பும் வழியில் கடல் வலது பக்கம் வந்துவிட்டது. மதியம் வளைவு ஒன்றில் திடீரென்று, "இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு?" என்றார்.

"ஆமாங்க. இவ்வளவு பக்கத்துலதான்."

மார்ச் 18, புதன்

இன்று வண்டி ஒரு முறை கூட அணையவில்லை. பாராட்டவில்லை. கிளட்ச்சைப் பாதியில் வைத்து ஓட்டுகிறேனாம்.

மார்ச் 21, சனி

வேன்கள் தங்கும் இடம் ஒன்றுக்கு மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். நான் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். மேலாளரம்மா அலுவலக ஜன்னல் வழியாக ஒரு படிவத்தை நீட்டினார். இவர்தான் போய் வாங்கினார். கிளம்பின நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் "முப்பத்தொரு வருஷ சர்வீஸ்" என்று ஆரம்பித்துவிடுவார், இன்று என்ன சொல்லி வைப்பாரோ என்று குழாயை விட்டுவிட்டு ஓடினேன்.

வண்டி எண் எழுதியாகிவிட்டது. அடுத்த கட்டம், ஓட்டுநர் பெயர். பேனா அங்கே நின்றது. நான் பக்கத்தில் போகவில்லை, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

என் பெயரை எழுதினார். கட்டத்தின் பாதியில் தொடங்கியிருக்கிறார், அதற்கு இடது பக்கம் கட்டம் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது.

மேலாளரம்மா எட்டிப் பார்த்து, "கூட வர்றவர் பேரும் வேணுங்க ஐயா, இடது பக்கத்துல, அந்தக் கட்டத்துல" என்றார்.

இவர் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் தேடினார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். முன்பின் தெரியாத அந்த அம்மாவுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்:

"என் பேரை நீ எழுது. எனக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியாது."

எழுதினேன்.