தாகத்தைப் பழக்கம் என்றோம்

என் செல்லத் தம்பிக்கு,

நீ பார்க்காமலே போன உன் மருமகன் இப்போது தவழ்கிறான். பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தண்ணீர் டம்ளரைக் கண்டால் பாய்ந்து வருகிறான். அப்படியே மாமன் என்று முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

பிறகு காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. எடை ஏறவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"உடம்புல தண்ணி குறைஞ்சா, வெளிய விடாதேன்னு மூளை கிட்னிக்குச் சேதி அனுப்பும்மா. உடனே கிட்னியில சின்னச் சின்ன வாசல் தொறந்து, சிறுநீரா போவ வேண்டிய தண்ணிய திரும்ப உள்ள எடுத்துக்கும். இவனுக்குச் சேதி போவுது, வாசல்தான் தொறக்கல. குடிக்கறது அப்படியே போயிடுது."

அடுத்து அவர் கேட்டதில்தான் எனக்கு உயிரே போய்விட்டது. "உன் கூடப் பொறந்தவங்க யாராவது ரொம்பத் தண்ணி குடிப்பாங்களா? இது அம்மா வழியா ஆம்பளப் பிள்ளைங்களுக்கு வர்றது."

ஐயோ தம்பி! தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் குடம் வேண்டுமே உனக்கு. பிள்ளையார்பாளையம் முழுக்க உன்னைத் தண்ணி லாரி என்றுதானே கூப்பிட்டார்கள்? சோதித்துப் பார்த்துச் சர்க்கரை இல்லை என்றதும், "வெறும் பழக்கம்டா, கொஞ்சம் கொறைச்சிக்கோ" என்றாள் அம்மா.

வைகாசி கருட சேவைக்கு நீ மொத்தமாகவே நிறுத்திவிட்டாய். பெருமாளைத் தூக்கத் தோள் கொடுத்தவன் நடுவில் ஒதுங்கப் போகக் கூடாது என்று நீயே ஒரு விரதம் வைத்துக்கொண்டு, முதல்நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மற்றவர்களும் குறைவாகத்தான் குடித்திருந்தார்கள். அவர்கள் உடம்பு இருந்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது, உன் உடம்புக்கு அது முடியவில்லை. விடிந்து வெயில் ஏறியதும் விழுந்தாய், பிறகு எழுந்திருக்கவே இல்லை. வெயில் அடித்துவிட்டது என்றார்கள், நம்பினோம். எவ்வளவு தாகமாக இருந்திருக்கும் உனக்கு? ஏன்டா ஒருவரிடமும் கேட்கவில்லை?

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான்தானே அவனுக்குக் குடுத்தேன். கொறைச்சிக்கோன்னும் நான்தானே சொன்னேன்" என்று அழுகிறாள். உன் மேல் தப்பில்லை அம்மா என்கிறேன். நானும்தானே என் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன்? எனக்கு யார் சொல்வது?

மருந்து கொடுக்கிறோம், உப்பைக் குறைத்திருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுக்கிறோம். குழந்தை தேறி வருகிறான்.

அவன் பெரியவனாகி, மாமன் மாதிரி நானும் பெருமாளைத் தூக்குவேன் என்று நின்றால் தடுக்க மாட்டேன். சொம்போடு கூடவே நடப்பேன். தாகம் என்று அவன் சொன்னால், பெருமாள் நிற்கட்டும்.

உன் மருமகனைப் பெற்றவள்,
உன் அக்கா