தூக்கிய பெயர்ப்பலகை

அன்பு மகளுக்கு,

இங்கே அறையில் சூடு அதிகம். கோட்டைக் கழற்றிவிட்டு எழுதுகிறேன். அங்கே பனி எப்படி?

தென்துருவக் கடல் மாநாடு முடிந்தது. நீ பென்குவின் எண்ணும் விரிகுடாவில் அவற்றின் இரையான கிரில் என்னும் சிற்றிறாலைப் பிடிக்கத் தடை கேட்ட தீர்மானம் கடைசியில் வந்தது. ஒரே ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். "நீங்க பேசவே வேணாம்ப்பா, சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்" என்று போனில் சிரித்தாய்.

"யாருக்காவது ஆட்சேபமா?" என்றார் தலைவர். வேறு எந்த நாடும் பலகையைத் தூக்கவில்லை. மறுக்கச் சொன்ன அமைச்சகத்தின் உத்தரவு என் சட்டைப்பையில் இருந்தது. நம் நாட்டின் பெயர்ப்பலகையைத் தூக்கினேன்.

பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து, "உங்க பொண்ணு அங்கதானே சார் இருக்கா?" என்றார். நான் தண்ணீர் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் அம்மாதான் எடுப்பாள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அப்பா