திங்கட்கிழமைப் பலகை

ஏப்ரல் 28, திங்கள்

இன்றும் சந்தியாவுக்குப் பச்சை.

எங்கள் பல்கலைக்கழக ஐ.டி. பிரிவில் திங்கட்கிழமை என்றால் பலகைதான். ஒவ்வொரு புராஜெக்ட் பெயருக்கும் எதிரே ஒரு காந்தப் பொட்டு. ஒழுங்காகப் போனால் பச்சை, இழுத்தால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. என் விடுதி வைஃபைக்கு இரண்டு மாதமாக மஞ்சள். குழி தோண்ட அனுமதி வரவில்லை, நான் என்ன செய்ய? மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே போகவா?

அவளுடைய தேர்வு முடிவு ஆப் மே 17 அன்று பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறுகிறதாம். "அன்னிக்குத் தேர் சார். டவுனே தேர் பார்க்கப் போயிடும், ஒருத்தரும் லாகின் பண்ண மாட்டாங்க" என்றாள். இயக்குநர் வரதராஜன் சார் மேசையைத் தட்டினார். "எப்படி யோசிச்சிருக்குது பாருங்க இந்தப் பொண்ணு!"

பதினோரு வருஷமா இங்க கேபிள் இழுத்துக்கினு கிடக்கிறேன். எனக்காக ஒரு நாள் தட்டியிருக்காரா அந்த மேசையை? இவள் தென்னேரியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், சேர்ந்து இரண்டே வருஷம். ஜூனில் புராஜெக்ட் ஹெட் பதவிக்கு ஆள் போடுகிறார்கள். எங்கள் இருவரில் ஒருவர்.

மே 2, வெள்ளி

ஒருவர் திட்டத்தை இன்னொருவர் சரிபார்த்துத்தான் பொட்டு வைக்க வேண்டும் என்று சார் புதிதாக விதி போட்டிருக்கிறார். அவளுடையது என்னிடம் வந்தது. அழகாகவே எழுதியிருக்கிறாள், சனியன். குறை சொல்ல இடமே இல்லை. அப்புறம் சட்டென்று உறைத்தது —

தேர் அன்று கரண்ட் இருக்காதே! தேர் கம்பியில் தட்டிவிடும் என்று காலையிலேயே நிறுத்திவிடுவார்கள். தேர் நிலைக்குத் திரும்பிய பிறகுதான் வரும். அது எப்போது என்று பெருமாளுக்கே தெரியாது. சர்வர் அறை இருப்பதோ தேர் போகிற காந்தி ரோடு பழைய கட்டிடத்தில். பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டரைப் புது வளாகத்துக்குத் தூக்கிக்கொண்டு போயாச்சு. மாற்றம் பாதியில் நின்றால் பிள்ளைகள் மார்க்கெல்லாம் குளறுபடிதான்.

டவுனுக்குள் பிறந்தவனுக்கு இது தெரியும். தென்னேரிக்காரிக்குத் தெரியவில்லை.

மாலை டீக்கடையில் அவளே கேட்டாள். "எதுனா தப்பு இருக்குதாண்ணா?"

"பார்த்துக்கினு இருக்கேன்மா" என்றேன். டீக்கு அவள்தான் காசு கொடுத்தாள்.

மே 4, ஞாயிறு

கீர்த்தியிடம் சொன்னேன். "ஒரு போன் பண்ணிச் சொல்லிட வேண்டியதுதானே? இன்னாத்துக்கு நாளைக்கு வரைக்கும் வெச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள். மீட்டிங்கில் சொல்வதுதான் முறை என்றேன்.

"முறையா?" என்று ஒரு பார்வை பார்த்தாள். பெண்டாட்டியிடம் ஆபீஸ் சங்கதி பேசவே கூடாது.

மே 5, திங்கள்

சிவப்பு! நானே எழுந்து போய் ஒட்டினேன். காரணத்தை நின்று நிதானமாக, எல்லாரையும் பார்த்துச் சொன்னேன். சார் முகம் மாறிவிட்டது. "இதுகூடத் தெரியாதாம்மா உனக்கு?"

"தெரியல சார்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது. பிறகு சார் மேசையைத் தட்டினார். எனக்காக.

இனித்தது. ஆமாம், இனித்தது. என் டைரியில் எழுத எனக்கென்ன வெட்கம்?

மே 6

"தேங்க்ஸ்ணா, பெரிய தப்பு நடந்திருக்கும்" என்று வந்து சொல்கிறாள். நடிக்கிறாளா? நடிக்கத்தான் செய்யணும். இல்லேன்னா நான் யாரு?

மே 17, சனி

தேர். காலையில் போன கரண்ட் பொழுது சாயத்தான் வந்தது. நான் சொன்னது சரி. அப்பட்டமாகச் சரி. பின்னே ஏன் ரெண்டு டம்ளர் நீர்மோர் குடிச்சும் வயிறு குளிரல?

மே 24, சனி

குழி தோண்டி, கேபிள் போட்டு, என் வைஃபை ஒருவழியாகத் தயார். இந்த முறை சரிபார்ப்பது சந்தியா. பழி தீர்த்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

சாப்பிட உட்காரும்போது போன். "அண்ணா, விடுதியில ஆளுக்கு ஒரு போன்னு கணக்குப் போட்டிருக்கீங்க. எல்லார்கிட்டயும் லேப்டாப்பும் இருக்குதே. முதல் நாளே திணறிடும்ணா."

சாம்பார் கரண்டி கையில்.

"திங்கட்கிழமைக்குள்ள நீங்களே மாத்திடுங்க. பச்சையே வெச்சிடலாம். யார்கிட்டயும் சொல்லல."

இந்தப் பொண்ணுக்கு வயிறே எரியாதா? அப்படி ஒரு வயிறுகூட எனக்குக் கொடுத்து வைக்கலியா? அவள் பச்சையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், பேச்சைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இன்று இதற்கும்.

மே 26, திங்கள்

பச்சை. "லேப்டாப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கீங்களே லோகேஸ்வரன், அனுபவம்னா இதுதான்!" சார் மேசையைத் தட்டினார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பதவி எனக்குத்தான். மூடவில்லை. என்ன வந்ததோ தெரியவில்லை.

"அது சந்தியா கண்டுபிடிச்சது சார். சனிக்கிழமையே போன் பண்ணிச் சொல்லிடுச்சு."

சார் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "தேர் விஷயம் உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றார்.

"அந்த மீட்டிங்குக்கு முந்தின வெள்ளிக்கிழமையே சார்."

சந்தியா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். டீக்கடை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

பதவி சந்தியாவுக்கு. கை தட்டினேன். எரிகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மதியம் ஒரு கையெழுத்துக்காக அவளிடம் போனேன். "வெச்சிட்டுப் போங்க சார்" என்றாள். அண்ணா போய் சார் ஆகிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

தேர்வு முடிவு ஆப்புக்கு அவள் போட்ட புதுத் தேதி என்னிடம் சரிபார்க்க வந்தது. பார்த்தேன். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாளும் அதே நாள். பிள்ளைகள் மொத்தமாக வந்து மொய்ப்பார்கள். கவனிக்கவில்லை அவள்.

திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. எல்லார் முன்னாலும் எழுந்து போய் அந்தச் சிவப்பை ஒட்ட — கை அரிக்கத்தான் செய்தது. பொய் எதற்கு?

போனை எடுத்தேன்.

"சொல்லுங்க சார்" என்றாள்.

சொன்னேன்.