தண்ணீர் லாரி திரும்பி வந்தபோது

கொலராடோ,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் கர்ட்டிஸுக்கு,

கப்பலில் நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஜனெல் நன்றாகச் சாப்பிடுகிறாள். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. உன் பிள்ளை உள்ளே உதைக்கிற உதையைப் பார்த்தால், பிறந்ததும் குதிரை கேட்கும் போலிருக்கிறது. அப்பா தீயணைப்பு வாரியத்துக்குத் தேர்வாகிவிட்டார். அதனால் ஆம்புலன்ஸ் ஊரைவிட்டுப் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய்.

போன கடிதத்தில் வெர்ன் ஸ்டக்கியை ஈவிரக்கம் இல்லாத மனுஷன் என்று எழுதியிருந்தாய். எனக்கும் அவர்மேல் கோபம்தான் இருந்தது. ஆம்புலன்ஸை மூடிவிட்டு, ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் நகரத்து வண்டியை நம்பலாம் என்று சொல்லித்தான் தேர்தலில் அப்பாவுக்கு எதிராக நின்றார். இரண்டு வருடமாக ஆலங்கட்டி மழை அவர் கோதுமையை அடித்துப்போட்டுவிட்டது. வரி என்ற சொல்லே அவருக்கு வேப்பங்காய். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் என் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாளே!

செவ்வாய்க்கிழமை தேர்தல். எப்போதும்போல வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, தீயணைப்புக் கொட்டகைக்குள் ஓட்டுப்பெட்டி வைத்தார்கள். உன் ஓபல் சித்திதான் அதிகாரி. புதுத் தண்ணீர்க் குழாய் வாங்கப் பணம் சேர்க்க, நானும் வெர்னின் மனைவி எடித்தும் வாசலில் பீன்ஸ் குழம்பும் ரொட்டிச் சுருளும் விற்க உட்கார்ந்தோம். ஓபல் அளவு நாடாவோடு வந்துவிட்டாள்.

"வேட்பாளர் பொண்டாட்டிங்க ரெண்டு பேரும் நூறு அடி தள்ளிப் போங்க. சட்டம்."

"குழம்புச் சட்டியுமா?" என்றாள் எடித்.

"சட்டி இருக்கலாம். உங்க வாய்தான் இருக்கக் கூடாது."

கூடப் பிறந்தவள் என்றுகூடப் பார்க்காமல் நாடாவை இழுத்து அளந்து, எங்களைச் சாலைக்கு அந்தப் பக்கம் துரத்தினாள். எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் உள்ளூரப் பெருமையாக இருந்தது. ஊரே சிரிக்க, எதிரெதிர் வேட்பாளர்களின் மனைவிமார் ஒரே சட்டியிலிருந்து பரிமாறினோம்.

"ஜெயிச்சா உன் வீட்டுக்காரர் ஹார்லனைப் பிடிக்க முடியாதுடி" என்றாள் எடித். தோற்றால் உன் வீட்டுக்காரரைப் பிடிக்க முடியாது என்றேன் நான்.

கூட்டம் ஓய்ந்ததும் ஓட்டுப் போடலாம் என்று அப்பாவும் வெர்னும் காத்திருந்தார்கள். அதற்குள் வடக்கே புல்வெளியில் தீ. பேய்க் காற்று வேறு. இருவரும் தீயணைப்புத் தொண்டர்கள் ஆயிற்றே; அப்பா முதல் வண்டியில் பறந்தார், வெர்ன் தண்ணீர் லாரியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். இரண்டு பேரும் ஓட்டுப் போட்டிருக்கவில்லை.

வாக்குப்பதிவு முடியப்போகும் நேரத்தில், லாரியை நிரப்ப வெர்ன் மட்டும் திரும்பி வந்தார். முகமெல்லாம் கரி. லாரிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய்க்குப் பக்கத்திலேயே ஓட்டுச்சாவடிக் கதவு.

எடித் சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கத்தினாள். "லாரி நிரம்புற வரைக்கும் சும்மாதானே நிக்கிறீங்க? உள்ள போய் ஓட்டைப் போடுங்க!"

"ஹார்லன் அங்க தீ முன்னாடி நிக்கிறான். அவனால போட முடியாதப்ப நான் மட்டும் எப்படிடி போடறது?"

ஓபல் வாசலுக்கு வந்து, சட்டப்படி, ஆளில்லாத சாலையைப் பார்த்து உரக்கக் கேட்டாள், வரிசையில் யாராவது உண்டா என்று. வெர்னையும் ஒரு தடவை பார்த்தாள். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். அவள் கதவைச் சாத்தினாள். லாரி போய்விட்டது.

எல்லோர் முன்னாலும் ஓட்டுகளை எண்ணினார்கள். ஒரே ஒரு ஓட்டில் அப்பா ஜெயித்தார். வெர்ன் அன்றைக்கு உள்ளே போயிருந்தால் இருவரும் சமம், அப்புறம் சீட்டுக் குலுக்கித்தான் ஆளை எடுத்திருப்பார்கள். தீயை அணைத்துவிட்டு வந்த அப்பா இதைக் கேட்டதும் வெர்னிடம் நேராகப் போனார்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"குலுக்கியிருந்தா நான்தான்டா ஜெயிச்சிருப்பேன். சீட்டுல உனக்கு என்னைக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கு? தள்ளு, குழம்பு ஆறுது."

அதோடு விட்டாரா? நேற்று ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன் என்று அப்பாவிடம் பெயர் கொடுத்திருக்கிறார். "வேணும்னு ஊர் சொல்லிடுச்சு. ஓட்ட ஆளில்லாம கொட்டகையில தூங்கறதுக்கா நான் வரி கட்டறேன்?" என்றாராம். பிள்ளை பிறக்கப்போகும் ஜூன் மாத முறை அவருடையது. இன்று காலை நம் வீட்டுப் பாதையில் ஒரு லோடு சரளைக்கல் கொட்டி, பள்ளத்தையெல்லாம் நிரவிவிட்டுப் போனார். எதற்கு என்று ஜனெல் கேட்டதற்கு, "வண்டி குலுங்கினா உனக்கு ஆகாதும்மா" என்று மட்டும் சொன்னாராம்.

நீ அவருக்கு ஒரு வரி எழுது, ராஜா. மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவருக்குக் கூச்சமாகிவிடும். பிள்ளை பிறக்கிற அன்று நீ இங்கே இருக்கமாட்டாய், அவர் இருப்பார். ஜனெலைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று மட்டும் எழுது.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
அம்மா
வில்மா