முதல் கால் மணி நேரம்

மார்ச் 3, திங்கள்

ஒன்பதேகாலுக்குப் பங்குச் சந்தை திறந்தது. ஒன்பது இருபதுக்குள் தோற்றுவிட்டேன். என்னை வெளியே அனுப்பிய கம்பெனியின் பங்கு இறங்கும் என்று, திறந்தவுடனே விற்றேன். ஏறியது. கூடுதல் விலைக்கு வாங்கி முடித்தேன். வேறு இரண்டு பங்குகளில் வந்த லாபத்தை இது ஒன்றே தின்றுவிட்டது.

மனைவிக்குக் கொடுத்த வாக்கு: மாதக் கடைசிக்குள் போட்ட பணம் பாதியாகக் கரைந்தால், ஒன்றாம் தேதி முதல் அவள் தம்பியின் டைல்ஸ் கடையில் கல்லாவில் உட்கார வேண்டும். முதுகலைப் பட்டம், இருபத்திரண்டு வருட அனுபவம். கல்லா!

மார்ச் 9, ஞாயிறு

மைத்துனன் வந்தான்.

"மாமா, கையில இல்லாத சரக்க விக்கிறீங்களாமே? என் கடையில அப்படிச் செஞ்சா அடிக்க வருவாங்க."

"முதல்ல விக்கணும், விலை இறங்கினதும் வாங்கிக் கணக்க முடிக்கணும். அவ்வளவுதான்."

"இறங்கலேன்னா?"

காபியை அவன் பக்கம் நகர்த்தினேன். இங்கே எழுதுகிறேன்: இல்லாத பதவி உயர்வை வருடாவருடம் எனக்கு விற்ற கம்பெனி அது. அவர்களை அடிக்க யார் போனார்கள்?

மார்ச் 12, புதன்

மறுபடியும் அதே பங்கு. ஒன்பது பதினாறுக்கே விற்றேன். விழுந்து தொலையேன்! விழவில்லை.

மார்ச் 19, புதன்

மனைவி என் பங்குக் கணக்கு நோட்டைப் படித்திருக்கிறாள்.

"மத்த பங்குல எல்லாம் முதல் கால் மணி நேரம் காத்திருக்கீங்க. அதுக்குள்ள தொட்ட அடி விலைக்கும் கீழ போனாதான் விக்கிறீங்க. பழைய கம்பெனின்னா மட்டும் கதவு திறக்கறதுக்குள்ள பாயறீங்க, ஏன்?"

"அது எனக்குத் தெரிஞ்ச கம்பெனி."

"உங்கள வெளிய அனுப்பின மேனேஜரத்தான் உங்களுக்குத் தெரியும். பங்கத் தெரியாது."

இவளுக்கு என்ன தெரியும் — சரி, எண்ணிப் பார்த்தேன். ஒன்பது நஷ்டங்களில் ஏழு அந்தப் பங்கில். ஏழும் ஒன்பது இருபதுக்கு முன்.

அந்த மேனேஜர் என் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கியதும் காலை ஒன்பதேகாலுக்குத்தான். வாசலில் நிறுத்தி.

மார்ச் 27, வியாழன்

பாதிக்கு மேல் மயிரிழையில் நிற்கிறேன். இன்னும் ஒரு அடி விழுந்தால் கல்லாதான். மைத்துனன் எனக்கென்று நாற்காலியே வாங்கிவிட்டானாம். சுழலுமாம்.

மார்ச் 31, திங்கள்

கடைசி நாள். பழைய கம்பெனி பங்கு திறக்கும்போதே சரிந்தது. விற்றுவிடு, விற்றுவிடு என்று கை மவுஸுக்குப் போனது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். மனைவி சமையலறை வாசலில் ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்பது இருபத்துமூன்றுக்குத் திரும்பியது. ஏறியது. காலையில் தொட்ட அடி விலையை மறுபடி தொடவே இல்லை. ஒன்பது பதினாறுக்குப் பாய்ந்திருந்தால் நாளை டைல்ஸ்.

மைத்துனனுக்குப் போன் செய்தேன். "அந்த நாற்காலியில வேற ஆள உட்கார வை."

"கோவமா மாமா?"

"இல்லடா. காலையில எனக்கு வேலை இருக்கு."

பழைய கம்பெனியை மன்னிக்கவில்லை. ஒன்பதரைக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.