படத்தில் நின்ற வீடு

என் மேசையில் ஒரு ரோசா நிற நோட்டீஸ் கிடக்கிறது. போன கிழமை படக்கொட்டகைக்காரரின் மாட்டுவண்டி ஒழுங்கையால் போனபோது வாசற் படலைக்குள் எறிந்தது. ரீச்சர் பழக்கத்தில் எழுத்துப்பிழைகளைத் திருத்தப் பேனாவைத் திறந்தவள், படத்தின் பெயரைக் கண்டதும் மூடிவிட்டேன். நீ நடந்த படம்.

கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாளிலிருந்தே உனக்குப் பயம் என்பது தெரியாது. உலக யுத்தத்துக்கு முன் இந்தியாவிலிருந்து வந்த படக்காரர் உன் கடற்கரை வீட்டு மதிலோரம் கமராவை நிறுத்தினார்கள். கதாநாயகி பாறையில் கால் வைக்கப் பயந்தாள். அவளுக்குப் பதிலாக முதுகு காட்டி நடக்க ஒரு பெண் வேண்டியிருந்தது. கணவனை இழந்து வெள்ளை உடுத்திருந்த நீ, அவளுடைய சிவப்புச் சேலையை உடுத்திக்கொண்டு கடலை நோக்கி நடந்தாய். நீ களைந்த வெள்ளையை அணைத்தபடி நான் மதிலுக்குப் பின்னால் வேர்த்து நின்றேன்.

“முதுகைப் பார்த்து ஆரடி ஆளைச் சொல்லப் போகினம்?” என்று சிரித்தாய்.

நீ கண்மூடியபின் உன் மகளுக்கு நான்தான் தாயாக நிற்கிறேன். இப்போதுதான் ஒரு நல்ல சம்பந்தம் பொருந்தியிருக்கிறது. மாப்பிள்ளைக்குக் காங்கேசன்துறையில் வேலை. குடும்பம் அண்மையில்தான் உன் பழைய வீட்டுப் பக்கம் குடிவந்தது. தாய்க்குப் படம் என்றால் உயிர். வீடு இன்னும் நின்றால், திரையில் கண்டதும் அடையாளம் பிடித்துவிடுவார். வீட்டைப் பிடித்தவருக்கு அங்கே இருந்த கைம்பெண்ணைப் பிடிக்க எவ்வளவு நேரம்?

நோட்டீஸ் வந்த மறுநாளே சுன்னாகத்தில் ரயிலேறினேன். நீ வீட்டை விற்றுத் தமையனிடம் வந்தபின் நான் அந்தப் பக்கம் போனதில்லை. வெயிலில் நடந்தபோது, அந்த வீடு நிற்கக் கூடாது என்று மன்றாடினேன். கன்னியர் கற்பித்த செபங்களில் அப்படியொன்று இல்லை.

வீடு நிற்கவில்லை. மதிலும் இல்லை. கருவாடு காயவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணை விசாரித்தேன்.

“வீடோ? யுத்தத்திலை பட்டாளம் இடிச்சுப் போட்டுதாம், அம்மா. நாங்கள் வரேக்கை வெறுங்காணி. கல்லெல்லாம் றோட்டுக்குப் போட்டுது.”

ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் நீ நடந்த பாறை எது என்று எனக்கே பிடிபடாமற் போய்விட்டது.

சனிக்கிழமை பகற்காட்சிக்கு மாப்பிள்ளையின் தாய் எங்களையும் அழைத்தார். மறுத்தால் ஏனென்று கேட்பார். உன் மகளை நடுவில் இருத்திக்கொண்டோம். திரையில் வீடு வந்தது. அவர் அசையவில்லை. நான் மூச்சு விட்டேன். பிறகு நீ நடந்தாய்.

“உவளின்ரை நடையைப் பாருங்கோவன், என்ன நிமிர்வு” என்றார் அவர்.

நான் வீட்டைப் பற்றியே யோசித்திருந்தேன், நடையைப் பற்றி யோசிக்கவில்லை. உன் மகள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். கதைக்க வேண்டாம் என்று நான் அவள் கையை அழுத்தினேன்.

“அது என்ரை அம்மா, மாமி” என்றாள்.

படம் முடியும்வரை அவர் திரையையே பார்த்திருந்தார். கலியாணம் கைவிட்டுப் போனது என்றே நான் இருந்தேன். வெளியே வந்து குடையை விரித்தபடி அவளிடம் கேட்டார்:

“பிள்ளை, நாளைக்கும் ஓடுதாம். இன்னொருக்கால் அம்மாவைப் பார்ப்பமோ?”

இருவரும் போனார்கள். நான் போகவில்லை. உன்னை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று இத்தனை வருடமாகப் பயந்தே பழகிவிட்டேன். இனி அது யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் அந்தப் பயத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல், இன்னும் வைத்திருக்கிறேன்.