செமாபோக் முச்சந்தியில் வலப்பக்கம் திரும்பியவளுக்கு

என் அன்புத் தோழி,

நேற்று மாலை என் மகள் என்னை உஜோங் பாசிருக்கு மீன் சாப்பிடக் கூட்டிப் போனாள். நாங்கள் உட்கார்ந்த சற்று நேரத்தில் கடை வாசலில் ஒரு காடி வந்து நின்றது. அதன் பிரேக் சூடேறிக் காந்தும் வாசனை நேராக எங்கள் மேசைக்கு வந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். காடியிலிருந்து இறங்கிய நாலு பேர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, தேநீர் வருவதற்குள் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் வரப்போகும் நாட்டுக் கார் ராலி சீசனைப் பற்றித்தான். யார் எந்த அணிக்கு மாறுகிறான், எந்தச் சுற்றில் மழை பிடிக்கும், போன முறை கவிழ்ந்தவன் இந்த முறை எழுந்திருப்பானா என்று போனது பேச்சு. ஒருவர் மேசையைத் தட்டி, "உனக்கு என்னா தெரியும்?" என்றார். உன் அண்ணன் கேட்பதைப் போலவே இருந்தது.

"அம்மா, மீன் ஆறிப் போவுது லா" என்றாள் மகள். எனக்கு மீன் இறங்கவில்லை. நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டு, மழைச் சுற்றில் காடியைப் பார்க்காதீர்கள், ஓட்டுகிறவனுக்குப் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நாலு பேரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மகளுக்கு வெட்கம் தாங்கவில்லை. நீ இருந்திருந்தால் என் தொடையில் கிள்ளிச் சிரித்திருப்பாய்.

உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது, அதனால் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே உனக்குத் தமிழ் படிக்க வராது. இப்போது மட்டும் வந்துவிடவா போகிறது! அங்கே யாராவது தமிழ் தெரிந்தவரைப் பிடித்துப் படிக்கச் சொல். உங்கள் மலாக்காச் செட்டி வீடுகளில் சாமி தமிழ்ச் சாமி, பெயர் தமிழ்ப் பெயர், பேச்சு மட்டும் மலாய். அன்று நீங்கள் மலாயில் பேசியதையெல்லாம் என் காதில் தங்கியபடி தமிழில்தான் எழுத முடியும். தப்பிருந்தால் வந்து திருத்து.

மெர்டேக்கா வந்து நாடு விடுதலையான புதிது. காஜா பெராங்கில் உங்கள் வீட்டுக்குப் பின்னால், நகரசபைக் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். என் அப்பா ரப்பர்த் தோட்டத்தை விட்டு நகர வேலைக்கு வந்தவர். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். ஜாசின் பக்கத்துத் தோட்டப் பாதைகள் அத்தனையும் என் பேனாவுக்குத் தெரியும், என் காலுக்குத் தெரியாது. நீ தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பவள். நம் இருவருக்கும் ஒரே வயது, ஒரே பைத்தியம்.

சனிக்கிழமை மதியம் உங்கள் வீட்டு முன்கூடத்தில் கூடுவோம். நீ, நான், உன் அண்ணன், முனைக் காப்பிக் கடை முதலாளி சூன் தவுக்கே. கடையை மனைவியிடம் விட்டுவிட்டுத் தவுக்கே வந்துவிடுவார். உன் அப்பா சாய்வு நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், நம் பேச்சில் ஒரு வார்த்தை கலந்துகொள்ள மாட்டார். ஆனால் பேச்சு சூடு பிடிக்கும்போதெல்லாம் அவர் பக்கத்தைத் திருப்பாமல் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

அந்த ஆண்டு பேச்சு முழுக்க அடுத்த சீசன் நடக்குமா என்பதுதான். அதுவரை ராலி ஓட்டியவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் துரைகளும் வெள்ளை அதிகாரிகளும். அவர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளைக்காரன் எல்லாம் போறான். இனிமே யாரு ஓட்டுறது? ஹாபிஸ் லா, முடிஞ்சு போச்சு" என்றார் தவுக்கே.

உன் அண்ணனுக்கு மூக்கு விடைத்துக்கொண்டது. "ஏன், நம்ம ஆளுங்க இல்லையா? ஈப்போவுல ஒரு டாக்டரு ஓட்டுறாரு. ஜொகூர்ல ஒரு லாரிக்காரன் இருக்கான், மண் ரோட்டுல அவனைப் பிடிக்க முடியாது. நாடு நம்ம கைக்கு வந்தாச்சு, காடி வராதா?"

நீ வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னாய்: "அப்படின்னா நான் ஓட்டுறேன்."

உன் அண்ணன் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கு வழியே வந்துவிட்டது. "நீ பசாருக்கு ஓட்டு, போதும்" என்றான்.

"பசார் ரோட்டைவிட ராலி ரோடு நல்லாத்தான் இருக்கும்" என்றாய் நீ. பிறகு என்னைக் காட்டி, "இவ வழி சொல்லுவா" என்றாய். நான் அதுவரை காடியின் முன்னிருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சரி என்றுதான் வந்தது. உன்னிடம் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உன் அப்பாவுக்குத் தூரப் பார்வை மங்கியதிலிருந்து அவருடைய கறுப்புக் காடியை நீதான் ஓட்டினாய். ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கிய பழைய காடி அது. புதிய சீசனின் முதல் சுற்று மலாக்காவிலிருந்தே கிளம்பும், விருப்பமுள்ள யாரும் கலந்துகொள்ளலாம், பெண்களும் பெயர் கொடுக்கலாம் என்று செய்தித்தாளில் வந்தது. மறுநாளே நம் பெயரைக் கொடுத்துவிட்டாய். கேலி செய்த அண்ணன்தான் இரவல் ஸ்பானரை வாங்கிக்கொண்டு காடிக்கு அடியில் படுத்தான்.

பயிற்சிதான் சிரிப்பாய்ச் சிரித்தது. செம்மண் பாதையில் தூக்கிப் போடும் காடிக்குள், வரப்போகும் வளைவு எவ்வளவு என்று நான் மலாயில் நீட்டி முழக்குவதற்குள் வளைவு பின்னால் போயிருக்கும். தமிழில் சொன்னால் உனக்குப் புரியாது. உனக்குத் தெரிந்த தமிழெல்லாம் உன் அம்மாவின் சமையலறையிலும் சாமி அறையிலும் புழங்கிய ஒரு கைப்பிடிச் சொற்கள். சரி, அதை வைத்தே ஓட்டுவோம் என்றாய். அன்றிலிருந்து லேசான வளைவு அகப்பை. சட்டென்று வெட்டித் திரும்புவது அரிவாள்மணை. நீளமான நேர்ப்பாதை உலக்கை. கல்லும் குழியுமான இடம் அம்மி. பின்னிருக்கையில் உட்கார்ந்து ஒரு நாள் வந்த உன் அண்ணன், "காடி ஓட்டுறீங்களா, குழம்பு வைக்கிறீங்களா?" என்று கேட்டான். மறு சனிக்கிழமை அவனே தவுக்கேயிடம், "அந்த டாக்டரு அரிவாள்மணையில திணறுவாரு, பாரேன்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

இத்தனை பேசினோமே, டயர் பேசினோம், மழை பேசினோம், யாரை எங்கே முந்துவது என்று பேசினோம். தேதியை மட்டும் யாரும் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை உன் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "போகிக்கு வாழை இலை யாரு கொண்டு வர்றது?" என்று கேட்டார். செய்தித்தாளில் படித்துப் படித்து நாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்தத் தேதிதான் போகி. போகி என்றால் உங்கள் வீட்டில் பார்ச்சு. இறந்து போன பெரியவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, இலை போட்டுப் படைத்து, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுக் குடும்பமே வெளியே காத்து நிற்கும் நாள். ஊர் தெரியாதவர்கள் இப்படித் தேதி பார்க்காமல் இருந்தால் பரவாயில்லை. காஜா பெராங்கில் பிறந்து வளர்ந்த நீங்கள் இரண்டு பேருமே கோட்டை விட்டீர்கள்.

உன் அப்பா அன்றுதான் செய்தித்தாளை இறக்கினார். "பார்ச்சு அன்னிக்கு இந்த வீட்டுல ஆள் குறையக் கூடாது" என்றார். அண்ணன் தரையைப் பார்த்தான். தவுக்கே கடைக்கு நேரமாகிவிட்டது என்று நழுவினார். நீ எழுந்து போய்க் காடியைத் துடைக்க ஆரம்பித்தாய். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாய். உன் தோள் குலுங்கியதைப் பார்த்து நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தேன். பெயர் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால், பெண்கள் அப்படித்தான் என்று சொல்லி அடுத்த முறை நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நீ பயந்தாய். அப்பாவை எதிர்த்துப் போகவும் உனக்கு மனசில்லை.

உன் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். "இலை போடுறது விளக்கு வைக்கிற நேரத்துலதானே? அதுக்குள்ள வந்துடட்டும்" என்றார். அப்பா செய்தித்தாளை மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டார். நீ சாமி அறைக்குப் போய்க் கற்பூரத்தின் மேல் கை வைத்து, இலை போடுவதற்குள் வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்தாய்.

போகியன்று காலை கடற்கரைத் திடலிலிருந்து கிளம்பினோம். அலோர் காஜா, தம்பின் வரை எல்லாம் அகப்பையும் உலக்கையுமாக ஓடியது. முதல் இரண்டு நிறுத்தங்களிலும் நேரம் குறிக்கிறவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது நிறுத்தத்தில் சிரிக்கவில்லை. அண்ணன் சொன்ன ஜொகூர் லாரிக்காரர் நமக்குப் பின்னால் இருந்தார். ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில்தான் கெட்ட நேரம் வந்தது. பலகைப் பாலத்தில் ஒரு லாரி சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. வந்த காடிகள் எல்லாம் வரிசையாக நின்றன. தாமதத்தை எல்லாருக்கும் கழித்து விடுவோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். மற்றவர்கள் சந்தோஷமாகச் சிகரெட் பற்றவைத்தார்கள். நீ மட்டும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

லாரி எழுந்ததும் நீ ஓட்டிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. செமாபோக் வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. இடப்பக்கம் திரும்பினால் திடல், முடிவுக் கோடு, கூட்டம். ஆனால் அங்கே போய் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வெளியே வருவதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள். வலப்பக்கம் திரும்பினால் வீடு.

நான் வழி எழுதிய தாளைப் பார்த்து இடப்பக்கம் என்றேன். நீ வேகத்தைக் குறைத்தாய். ஒரு கணம் என்னைப் பார்த்தாய். "கோவிச்சுக்காதே" என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் திரும்பினாய். எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகையும் வந்தது.

வாசலில் எல்லாரும் நின்றிருந்தார்கள். உள்ளே இலைகளைக் கழுவி வைத்திருந்தார்கள், இன்னும் பரிமாறவில்லை. செம்மண் பூசிய முகத்தோடு நீ இறங்கி அப்பா முன்னால் போய் நின்றாய்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. செமாபோக்லேர்ந்து நேரா வந்துட்டேன்."

"எத்தனாவதா வந்துக்கிட்டு இருந்தே?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான்தான் சொன்னேன்: "லாரிக்காரரு எங்களுக்குப் பின்னால மாமா. முன்னால அந்த டாக்டரு மட்டுந்தான்."

உன் அப்பாவின் முகம் சிவந்தது. அந்த அமைதியான மனிதர் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "அப்புறம் ஏன் இங்க வந்தே? செத்தவங்க ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டாங்களா? அவங்களுக்கு வேற என்ன ஜோலி! ராலி காத்திருக்குமா?"

நீ அழுதாய். அவர் கண்ணும் கலங்கியது. அண்ணன் சிரித்துவிட்டான், அதைப் பார்த்து உன் அம்மா, அப்புறம் நான். பார்ச்சு முடிந்து கதவைத் திறந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, உன் அப்பா முதன்முதலாகப் பேச்சில் சேர்ந்துகொண்டார். அடுத்த சீசனுக்குக் காடியின் பின்சக்கரத்தை மாற்ற வேண்டும் என்றார். எந்தச் சக்கரம் என்பதில் அவருக்கும் அண்ணனுக்கும் சண்டை வந்தது. அதைவிடச் சந்தோஷமான சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

அடுத்த சீசனில் ஓடினோம். முடிவுக் கோட்டையும் தாண்டினோம், பெருமை சொல்லிக்கொள்ளும் இடம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு நீ கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாய், நான் செமாபோக்கிலேயே குடித்தனம் வைத்தேன். ஆனாலும் ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் உன் அழைப்பு வந்துவிடும். எப்படி இருக்கே என்று கேட்க மாட்டாய். "இந்த வாட்டி யாரு?" என்றுதான் கேட்பாய். சண்டை போட்டுத்தான் தொலைபேசியை வைப்போம்.

போன வருஷம் அழைப்பு வந்தபோது பேசியது உன் மகள். அன்றிலிருந்து உன் மேல் எனக்குக் கோபம். ஓட்டுகிறவளும் வழி சொல்கிறவளும் ஒன்றாகத்தானே போய்ச் சேர வேண்டும்? என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டு நீ மட்டும் போனது எந்த ஊர் நியாயம்? சில நாள் இந்த ஏக்கம் என்னைப் படுக்கையிலிருந்து எழ விடாது. உன்னிடம் ஓடி வந்துவிட வேண்டும் போலிருக்கும்.

அப்போதெல்லாம் உன் அப்பாவின் கத்தல்தான் என்னை எழுப்பி உட்கார வைக்கிறது. ராலி காத்திருக்காது, செத்தவர்கள் காத்திருப்பார்கள். புதிய சீசன் தொடங்கப் போகிறது. அந்த நாலு பேரில் ஒருவர் தொலைபேசி எண் கொடுத்திருக்கிறார், சனிக்கிழமை பேச வரச் சொல்லியிருக்கிறார். நான் போகப் போகிறேன். நீ கொஞ்சம் காத்திரு.